சபீகாவின் உபரித் திறன்

1

மூன்று மாதம் என்கிறான். மூன்று விரலை வேறு நீட்டிக் காட்டுகிறான், எனக்கு எண்ணத் தெரியாததுபோல. போன முறையும் இதே மூன்று விரல்தான். அப்போது ஒல்லியாக இருந்தன. இப்போது மோதிரம் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. இனி அதைக் கழற்ற வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் ஏன் மோதிரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்? பதிலுக்காக நிற்கிறான்.

இது சபீகாவின் மனதில் ஓடியது. விரல் நீட்டியவன் அவளுடைய தம்பி மிஷாரி. இவர்களைப் பற்றி எழுதுவதாக எனக்கு எண்ணமே இல்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு கட்டுரை. அது எப்படிக் கெட்டுப்போய்க் கதையானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் வேலைபார்த்த எண்ணெய் நிறுவனத்துக்கு ஐம்பதாண்டு நிறையப்போகிறது. மலர் போடுகிறார்கள். தொகுப்பாசிரியர் அபூ நாயிஃப் தொலைபேசியில் அழைத்தார்.

"உம்மு ராஷித்*, உங்களத்தான் நெனச்சேன். 'பல்வேறு துறைகளில் உபரித் திறன்: புரிதலும் பயன்பாடும்'. தலைப்பு எப்படி?"

"தூக்கம் வருது."

"அதுக்குத்தானே உங்ககிட்ட குடுக்கிறேன். கதையெல்லாம் எழுதுறவங்க, கொஞ்சம் உப்பு, காரம் போடுவீங்க. பத்துப் பக்கம் போதும். வேலையில இருக்கிற எவனுக்கும் நேரம் இல்ல. நீங்கதான் ஓய்வு வாங்கிட்டு சும்மா இருக்கீங்களே."

சும்மா. அந்த இடத்திலேயே கட்டுரை செத்துவிட்டது. பிணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தவள்தான் சபீகா.

* எனக்கு ராஷித் என்று மகன் இல்லை. மகனே இல்லை. ராஷித் என் தகப்பனார். நாற்பது தாண்டிய பெண்ணை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் அலுவலகத்து ஆண்களுக்கு நாக்கு கூசும். அதனால் 'இன்னாருடைய தாய்' என்ற பட்டத்தைக் கொடுத்து, காலியாக இருக்கும் இடத்தில் இறந்துபோன அப்பாவை மகனாக உட்கார வைத்துவிடுவார்கள். காலி இடத்தைப் பார்த்தால் அவர்களுக்கு அவ்வளவு பயம்.

2

முதல் வரைவு:

உபரித் திறன் என்பது ஒரு நாட்டின் தொலைநோக்குக்கும் பொறுப்புணர்வுக்கும்

அத்தோடு விட்டேன். இந்த நடையில் இன்னும் நாலு வரி போயிருந்தால் என்னை அமைச்சராக்கியிருப்பார்கள்.

இரண்டாவது வரைவு கொஞ்சம் நேர்மையானது. எண்ணெய்த் தொழிலில் உபரித் திறனுக்குக் கறாரான அளவுகோல் உண்டு. மூடிவைத்திருக்கும் கிணறுகளை முப்பது நாளுக்குள் திறந்துவிட முடிய வேண்டும். திறந்தபின் குறைந்தது தொண்ணூறு நாள் சொன்ன அளவு வந்துகொண்டே இருக்க வேண்டும். உலகத்தின் ஏதோ மூலையில் போர் மூண்டால், குழாய் வெடித்தால், எல்லோரும் வளைகுடாப் பக்கம் திரும்புவார்கள். நாங்கள் தாடியைத் தடவிக்கொண்டு, "இருக்கு" என்போம். அந்த 'இருக்கு'க்கு ஓர் எண் உண்டு. திட்டப் பிரிவில் பதினெட்டு வருடம் அந்த எண்ணை மாதாமாதம் தட்டச்சு செய்தவள் நான். ரமலான் மாறும், அமைச்சர் மாறுவார், எண் மாறாது.

ஒரே ஒருமுறை நிஜமாகவே தேவைப்பட்டது. திறந்தோம். முதல் வாரம் அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்கள். நாற்பத்தோராம் நாள் மூன்று கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. தாங்குவதற்கு மேல் இழுத்தால், எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீர் மேலே வரும். ஒருமுறை வந்துவிட்டால் அது பழைய கிணறு இல்லை. சத்தமில்லாமல் மூடினோம். அடுத்த மாத அறிக்கையில் அதே பழைய எண்.

"ஏன் சார் மாத்தல?" என்று என் மேலாளரைக் கேட்டேன்.

"கேட்டா குடுப்போம்னு சொல்றதுக்குத்தாம்மா அந்த நம்பர். குடுக்கிறதுக்கு இல்ல."

அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். (அபூ நாயிஃப் இந்தப் பத்தியை வெட்டிவிடுவார். வெட்டட்டும். வெட்டிய இடத்தில் என் மேலாளரின் புகைப்படத்தைப் போட்டுக்கொள்ளலாம்.)

3

தலைப்பில் 'பல்வேறு துறைகள்' என்று இருக்கிறதே. கிளம்பினேன்.

மின் நிலையத்தில் ஒரு பெண் பொறியாளர் சுற்றிக் காட்டினாள். ஆகஸ்டில் ஊர் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிகள் ஓடும்போது ஏதாவது ஒரு சுழலி நின்றுவிட்டால் உடனே கைகொடுக்க, வேறு சில சுழலிகளைப் பாதிச் சுமையில் ஓடவிட்டே வைத்திருப்பார்களாம்.

"அப்ப அதுங்க பாதி நேரம் சும்மாதான் சுத்துதுன்னு சொல்லுங்க."

"சும்மா எங்க மேடம் சுத்துது? எரிவாயு தின்னுக்கிட்டில்ல சுத்துது. தயாரா நிக்கிறதுக்கே செலவு இருக்கு. யாரும் அத ஒத்துக்க மாட்டாங்க."

அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. தலைக்கவசம் இடித்தது.

பிறகு ஒரு மருத்துவமனை. பேர் வேண்டாம். அவசர காலத்துக்கென்று இருபது கட்டில் ஒதுக்கியிருக்கிறோம் என்று பெருமையாகக் கதவைத் திறந்தார்கள். இருபது கட்டில்கள், மெத்தைமேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். நடுவில் ஒரு பூனை.

"இங்க வந்து படுக்கிறவங்களப் பாத்துக்க தாதிங்க?"

"அது அடுத்த திட்டத்துல வருது."

அடுத்த துறை வீடு. இதற்கு நான் எங்கும் போகவேண்டியதில்லை. எங்கள் ஆண்கள் வீடு கட்டினால் முதலில் திவானியாவைக் கட்டுவார்கள். தெருவைப் பார்த்த தனி வாசல், சுவரோரமாக நாற்பது பேர் சாய்ந்து உட்காரத் திண்டு மெத்தை, தனிக் குளியலறை. வாரத்தில் ஒரு மாலை அங்கே எட்டு ஆண்கள் உட்கார்ந்து, மற்ற முப்பத்திரண்டு இடங்களைப் பார்த்தபடி, நாட்டைத் திருத்துவார்கள். அதை ஒட்டி ஒரு விருந்தினர் அறை. வரவே வராத விருந்தினருக்கு மாதம் இருமுறை விரிப்பு மாற்றுவார்கள். இதையெல்லாம் யாரும் காலி இடம் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் வெட்டுப்பழி. அதற்குப் பெயர் கௌரவம்.

காலி என்ற சொல்லை எங்கள் வீடுகளில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பயன்படுத்துவார்கள். கல்யாணம் ஆகாத மகளின் மாலைப் பொழுதுக்கு.

4

இப்போது சபீகா. வயது நாற்பத்தொன்பது. (முதலில் முப்பத்தெட்டு என்று போட்டேன். முப்பத்தெட்டு என்றால் வாசகர்கள் கடைசியில் ஒரு மாப்பிள்ளையை எதிர்பார்ப்பார்கள். உடனே பதினொரு வருடம் ஏற்றிவிட்டேன்.) அறிக்கை தட்டச்சு செய்கிற என் பழைய நாற்காலியில் அவளை உட்கார வைத்திருக்கிறேன். தகப்பன் விட்டுப்போன வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறாள். கீழ்த்தளத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மாடிக்கு இருபத்திரண்டு படிகள், நடுவில் ஒரு திருப்பம். இந்த இருபத்திரண்டை நினைவில் வையுங்கள்.

மூன்று மணிக்கு அலுவலகம் முடியும். மூன்றரைக்கு வீடு. நான்கிலிருந்து ஆறு வரை தொலைபேசியை எடுக்கமாட்டாள், கதவைத் திறக்கமாட்டாள்.

சபீகா நான் இல்லை. நான் நான்கு மணிக்குத் தூங்குவேன். இது எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயதானபோது அம்மா விழுந்தாள், பக்கவாதம். புதுமாப்பிள்ளையாக இருந்த மிஷாரி மூன்று விரல் காட்டினான். மூன்று மாதம் ஆறு வருடமாகி, அம்மா இறந்தாள். அதற்கப்புறம் வந்தவைதான் அந்த நான்கிலிருந்து ஆறு. இந்தக் கதையில் பறிபோகக்கூடிய பொருள் அது ஒன்றுதான். தங்கமோ நிலமோ இல்லை. அந்த இரண்டு மணி நேரமும், அவை நடக்கிற அறையும்.

5

இப்போது தர்ஃபா அத்தை, அவர்களுடைய அப்பாவின் தங்கை, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். விதவை. ஒரே மகன் வெளிநாட்டுத் தூதரகத்தில் முக்கியமானவன். முக்கியமானவர்கள் பூ அனுப்புவார்கள், அனுப்பினான். புதன்கிழமை அத்தையை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். மருத்துவமனை அறையில் சபீகா, மிஷாரி, அவன் மனைவி ஹெஸ்ஸா. குடுவையில் ஏலக்காய் மணக்கும் தேநீர்.

"மூணே மாசம், அக்கா," என்றான் மிஷாரி. விரல்கள் நீண்டன. இந்த இடத்தில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

சபீகா தேநீரை ஊதினாள்.

"உனக்குன்னு புள்ளையா, குட்டியா?" என்றாள் ஹெஸ்ஸா, அன்பாகத்தான். "மூணு மணிக்கு வந்தா அப்புறம் ராத்திரி வரைக்கும் உனக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு மூச்சு விட நேரம் இருக்கா சொல்லு."

"உங்க வீட்டுல ரெண்டு பணிப்பொண்ணுங்க இருக்காங்களே," என்றாள் சபீகா.

"அவங்க வேலையே அவங்களுக்கு சரியா இருக்கு."

"கீழ விருந்தாளி ரூம் இருக்கு. பக்கத்துலயே பாத்ரூம். படி இல்ல."

ஹெஸ்ஸா கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"விருந்தாளி ரூம்ல நோயாளியப் போட்டா வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"யாரு வர்றாங்க?"

"வந்தா?"

"எம் மாடிக்கு இருபத்திரண்டு படி, மிஷாரி. இடுப்பு ஒடஞ்சவங்கள எப்படி ஏத்துவே?"

"நாலு ஆளப் புடிச்சு நாற்காலியோட தூக்கிட்டா ஆச்சு."

"எனக்கு ஒடஞ்சது இடுப்புடா. காது இல்ல," என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல். "தூக்குங்க, தூக்குங்க. அந்தத் திருப்பத்துல கை நழுவினா சொர்க்கத்துக்குப் பாதி தூரம் மிச்சம்."

"அத்தை, நீங்க தூங்குறீங்கன்னு..."

"என் சங்கதி பேசுறப்ப நான் தூங்கினா என்னை நாற்பது பேர் மெத்தைக்கு நடுவுல பொதச்சிடுவீங்க."

மிஷாரியும் ஹெஸ்ஸாவும் மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். அறையில் இரண்டு பெண்கள் மட்டும். அத்தை சபீகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யும்மா, இங்க பாரு. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. பல்லக் கடிச்சுக்கிட்டு நீ ஊட்டுற கஞ்சி எனக்கு எறங்காது. உங்கம்மா கட்டில் கம்பியத் தட்டினத நான் பாத்திருக்கேன்."

சபீகாவின் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுதவேண்டும். எழுத முடியவில்லை. கட்டில் கம்பி விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

6

சபீகா அம்மாவை மிகவும் நேசித்தாள், ஆனால்

வேண்டாம். 'ஆனால்' வந்தவுடன் மன்னிப்புக் கேட்கிற குரல் வந்துவிடுகிறது.

ஐந்தாம் வருடம் சபீகா களைத்துப்போயிருந்தாள்.

இது சத்து மாத்திரை விளம்பரம்.

சரி. ஐந்தாம் வருடத்தில் ஒரு மாலை, மணி நாலு இருக்கும். சபீகா சமையலறைக் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "சபீகா." இவள் குழாயை மூடவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தாள். "சபீகா, யும்மா." இன்னும் திறந்தாள். தண்ணீரின் இரைச்சலில் அந்தக் குரல் கேட்காமல் போகும்வரை திறந்தாள். அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்றால், பாத்திரம் நிரம்பி, அரிசி முழுவதும் வழிந்து போய், உள்ளே தெளிந்த தண்ணீர் மட்டும் சுழன்றுகொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் அவள் மனதில் ஒரு விருப்பம் இருந்தது. என்ன விருப்பம் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையணை சரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"கூப்பிட்டேனே."

"கேக்கல."

அம்மா அவளைப் பார்த்தாள். அதற்கப்புறம் இருந்த பதினாலு மாதமும் அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். டங். டங். சபீகா ஓடுவாள். ஒரு நாள்கூட ஓடாமல் இருந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் இவளைப்போல் ஒரு மகள் உண்டா என்றார்கள். அறிக்கையில் எண் மாறவில்லை.

[உவமையை நான் இங்கே மூடிவிடுகிறேன். கிணற்றையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள் பாருங்கள் என்று கைதட்டுகிற எழுத்து எனக்கே குமட்டுகிறது. கிணற்றுக்கு வெட்கம் இல்லை. அந்த ஒரு வித்தியாசம் போதும், உவமை உடைந்துவிட.]

7

முடிவுகள் மூன்று தயாராக இருக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது அபூ நாயிஃப் கேட்டது. சபீகா அத்தையை ஏற்றுக்கொள்கிறாள். மாடியில் இரண்டு பெண்களும் சிரித்தபடி பேரீச்சம்பழம் சாப்பிடுகிறார்கள். "பாசிட்டிவா இருக்கும், உம்மு ராஷித். உபரி சமுதாயத்துக்குப் பயன்பட்டுச்சுன்னு முடிச்சுடலாம்." நான் இருமினேன்.

இரண்டாவது: வெள்ளிக்கிழமை மதியம், மிஷாரி வீட்டில் எல்லோரும் மஜ்பூஸ் சோற்றைச் சுற்றி உட்கார்ந்திருக்க, சபீகா எழுந்து ஆறு வருடத்தையும் கொட்டித் தீர்க்கிறாள். இப்படி ஒரு காட்சியில் பெண்கள் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள்! முற்றுப்புள்ளிகூடத் தவறுவதில்லை. நிஜத்தில் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உடைந்துவிடும், யாராவது தண்ணீர் கொடுப்பார்கள், "இவளுக்கு ரத்த அழுத்தம்" என்பார்கள்.

மூன்றாவது: செவ்வாய்க்கிழமை அத்தை தூக்கத்தில் இறந்துவிடுகிறாள். பிரச்சினை தீர்ந்தது. எழுத்தாளர்கள் மாட்டிக்கொண்டால் கிழவிகளைக் கொல்வார்கள். அத்தைக்கு இது தெரிந்தால் என்னையும் கஞ்சியையும் சேர்த்துத் துப்புவாள்.

மூன்றும் வேண்டாமென்று அடித்துவிட்டுக் காத்திருந்தேன். திங்கட்கிழமை கட்டில் வந்தது.

8

மூன்றே முக்காலுக்குச் சபீகாவின் கதவு தட்டப்பட்டது. எகிப்தியர் ஒருவர், வியர்வையில் நனைந்த சட்டை. அவருக்குப் பின்னால் படியின் திருப்பத்தில் நோயாளிகள் படுக்கும் கட்டில் ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. பக்கக் கம்பிகள், பிளாஸ்டிக் உறையோடு. இன்னும் மூன்று பேர் அதற்குக் கீழே எங்கேயோ கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உஸ்தாதா, மிஷாரி சார் அனுப்பினது. வாங்கிக்கிட்டதா இங்க ஒரு கையெழுத்து. வளைவுல திரும்ப மாட்டேங்குது. கொஞ்சம் செவுத்த இடிச்சுக்கலாமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

அவள் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்கவும் இல்லை. கட்டில் மட்டும் வந்துவிட்டது.

காகிதத்தை வாங்கிக்கொண்டாள். கட்டிலைப் பார்த்தாள். ஒரு கம்பியின்மேல் உறை கிழிந்து, புது உலோகம் பளபளத்தது. அதை விரல் நகத்தால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அதே சத்தம்தான்.

பிறகு காகிதத்தில் கையெழுத்து போடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, முகவரிக்கான இடத்தில் இருந்ததை அடித்தாள். அதற்கு மேலே மிஷாரியின் தெரு, வீட்டு எண் எழுதினாள். 'தெருப்பக்க வாசல், விருந்தினர் அறை, படி கிடையாது' என்று தெளிவாக எழுதினாள்.

"இது இந்த வீட்டுக்கு இல்லீங்க. இங்க கொண்டுபோங்க. வாசல் அகலமா இருக்கும்."

"சார் திட்டுவாரே?"

"திட்டினா என் பேரச் சொல்லுங்க. முதல்ல எல்லாரும் தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

நாலு பேருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். கட்டில் தலைகீழாக இறங்கியது. இறங்குவது ஏறுவதைவிட வேகமாக நடந்தது. பிறகு தொலைபேசியில் மிஷாரிக்கு ஒரே வரி: கட்டில் உன் வீட்டுக்கு வருது, புதன்கிழமை அத்தையும்.

தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

9

அடுத்து நடந்தது என் தவறு.

ஒரு பெண் முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். கேட்பீர்கள், எனக்குத் தெரியும். நானே கேட்டேன். நான்கிலிருந்து ஆறு வரை அவள் என்ன செய்கிறாள் என்று காட்டிவிட்டால் நியாயமாகிவிடும் என்று தோன்றியது. ஓவியம் வரைகிறாள் என்று எழுதிப் பார்த்தேன். குர்ஆன் மனனம் செய்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். அதை யாரும் குறைசொல்ல முடியாது. தொலைபேசியில் ஒரு ஆண் குரல் என்றும் எழுதிப் பார்த்தேன், சரசரவென்று ஓடியது, அதனாலேயே கிழித்தேன். ஏதாவது பயன் இருந்தால்தான் ஒரு பெண் தன் இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மிஷாரிக்கும் எனக்கும் ஒரு விரல் வித்தியாசம்கூட இல்லை.

உறைத்த பிறகும் போனேன். எழுத்தாளர்கள் அப்படித்தான். மறுநாள் இருபத்திரண்டு படி ஏறிக் கதவைத் தட்டினேன். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. பாதிக் கதவைத் திறந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், நெற்றி ஓரத்தில் இன்னும் ஈரம்.

"கட்டில் விஷயம் நல்லா வந்திருக்கு," என்றேன்.

"ம்."

"ஒரே ஒரு வரி குடு, சபீகா. நாலு மணிக்கு மேல என்ன பண்றே? படிக்கிறவங்க கேப்பாங்க. அதச் சொல்லிட்டா ஒன்ன யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

யோசித்தாள். நிஜமாகவே எனக்காக யோசித்தாள். அவளுக்குப் பின்னால் அறையின் ஒரு துண்டு தெரிந்தது. வெயில் விழுந்த தரை. எட்டிப் பார்த்தேன். கதவை அவள் இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நெனச்சா நெனச்சுக்கட்டும்," என்றாள். கோபமே இல்லை. "அத மட்டும் எழுதாதீங்க."

"அப்ப அந்தப் பக்கம் காலியா இருக்குமே."

"இருக்கட்டும்," என்றாள் சபீகா, கதவைச் சாத்துமுன்.